ஓபராவுக்குப் புதியவர் ‘ரிகொலெட்டோ’வை எப்படி அணுகலாம்?

கேள்வி இதுதான்: “ஓபரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இத்தாலிய மொழியும் தெரியாது. ‘லா தோன்னா ஏ மோபிலே’ என்ற பாட்டை மட்டும் விளம்பரங்களில் கேட்டிருக்கிறேன். பிடித்திருந்தது. அது வரும் ‘ரிகொலெட்டோ’வை முழுதாகப் பார்க்கலாமா? கதை என்ன? எதைக் கவனிக்க வேண்டும்?”

தாராளமாகப் பார்க்கலாம். முதன்முதலாக எந்த ஓபராவைப் பார்ப்பது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். இடைவேளையைக் கழித்துவிட்டால் இரண்டு மணி நேரம்தான். கதை கிளைக்கதை எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் ஓடும். நினைவில் நிற்கும் மெட்டுகளுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன அந்தப் பாட்டைப் பற்றி முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கச்சேரி மேடையில் அது குஷியான பாட்டு. நாடகத்துக்குள் அது ஒரு தடயம். எதிரியைக் கொல்ல ஆள் வைத்த ஒரு தகப்பன், செத்தது எதிரி இல்லை என்று தெரிந்துகொள்வது அந்த மெட்டு காதில் விழுகிற நொடியில்தான். வெர்டி அந்தப் பாட்டை இவ்வளவு எளிமையாக, ஒரு தடவை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்கிற மாதிரிப் போட்டிருப்பதற்குக் காரணமே இதுதான். தூரத்தில் இருட்டுக்குள் இரண்டு அடி கேட்டாலும் நமக்கும் அந்தத் தகப்பனுக்கும் யார் பாடுகிறார்கள் என்று புரிந்தாக வேண்டும். இந்த ஓபராவில் இனிமையான மெட்டுகள் எல்லாமே இப்படிக் கதைக்காக ஏதோ ஒரு வேலை செய்பவை. அதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். ஓபரா பார்க்கப் போகிறவர்கள் கதையைத் தெரிந்துகொண்டுதான் போவார்கள். அரங்கில் கொடுக்கும் நிகழ்ச்சிக் குறிப்பிலேயே கடைசிக் காட்சிவரை அச்சாகியிருக்கும்.

இசை ஜுசெப்பே வெர்டி. பாடல் வரிகள் பிரான்செஸ்கோ மரியா பியாவே. முதலில் மேடையேறியது 1851 மார்ச் 11 அன்று, வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே அரங்கில். கதை விக்டர் ஹ்யூகோவின் பிரெஞ்சு நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தது. ‘லெ ருவா சாமுஸ்’, அதாவது அரசர் பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கிறார். பிரான்சின் முதலாம் பிரான்சிஸ் மன்னரைப் பெண்பித்தராகக் காட்டிய அந்த நாடகம் 1832 நவம்பர் 22 அன்று பாரீஸில் ஒரே ஒரு முறை நடந்தது. மறுநாளே தடை. அடுத்த முறை அது மேடையேற ஐம்பது வருடம் ஆயிற்று.

இப்படி வம்பில் மாட்டிய கதையைத்தான் வெர்டி ஆசைப்பட்டு எடுத்தார். கதைநாயகனான கூனன், அரசவைக் கோமாளி, ஷேக்ஸ்பியருக்கே பெருமை சேர்க்கக்கூடிய படைப்பு என்று 1850-இல் பியாவேவுக்கு எழுதினார். அப்போது வெனிஸ் ஆஸ்திரியர்களின் ஆட்சியில் இருந்தது. இரண்டே வருடம் முன்பு அங்கே கிளர்ச்சி நடந்து அடங்கியிருந்தது. அந்த ஊரில், அந்த நேரத்தில், ஒரு முடிமன்னரைப் பொறுக்கியாகக் காட்டி, அவரைக் கொல்லச் சதி செய்கிற கதையை மேடையேற்றப் போகிறோம் என்றால் தணிக்கைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1850 டிசம்பரில் ஒரேயடியாக மறுத்துவிட்டார்கள். சமாதானமாக ஒரு மாற்றுவடிவம் தயாரானது. அதில் கோமாளிக்குக் கூன் கிடையாது, பிணத்தைச் சாக்கில் கட்டும் காட்சி கிடையாது, ஆளும் பிரபுவும் யோக்கியராகிவிட்டார்.

வெர்டி அரங்க நிர்வாகத்துக்கு எழுதிய பதில் படிக்க ருசியானது. சாக்கால் போலீசுக்கு என்ன கஷ்டம்? கூனன் பாடினால் என்ன? வெளியே அவலட்சணமாக, கேலிக்கு இடமாக இருக்கிறவன் உள்ளுக்குள் உணர்ச்சியும் அன்பும் நிறைந்தவனாக இருப்பதைக் காட்டத்தான் இந்தக் கதையையே எடுத்தேன். அதை நீக்கினால் என்னால் இசை அமைக்க முடியாது என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். கடைசியில் பேச்சுவார்த்தை நடத்தி ஒரு வழிக்கு வந்தார்கள். கதை நடக்கும் இடம் பிரான்சிலிருந்து இத்தாலியின் மான்டுவா நகரம் ஆனது, மன்னர் பெயரில்லாத ஒரு பிரபு ஆனார். கூனும் சாக்கும் தப்பித்தன. வெர்டி வைத்திருந்த ‘சாபம்’ என்ற தலைப்பு போய், கோமாளியின் பெயரே தலைப்பாயிற்று. அதோடும் தொல்லை விடவில்லை. இத்தாலியின் வேறு ஊர்களில் ‘விஸ்கார்தெல்லோ’, ‘லியொனெல்லோ’, ‘கிளாரா ஆஃப் பெர்த்’ என்று வேஷம் மாற்றி மாற்றித்தான் சில காலம் ஓடியது.

சரி, கதைக்கு வருவோம். திரை விலகும் முன்பே வாத்தியக்குழு வேலையைத் தொடங்கிவிடும். எக்காளமும் டிராம்போனும் ஒரே சுரத்தை அழுத்தி அழுத்தி, விட்டு விட்டு ஊதும். அதுதான் சாபம். இதை மட்டும் காதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

திரை விலகினால் நேர்மாறாக ஒரே கொண்டாட்டம். பிரபுவின் அரண்மனையில் விருந்து. தேவாலயத்தில் பார்த்து வைத்திருக்கும் யாரோ ஒரு இளம்பெண்ணைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கிறார். பேசிக்கொண்டே இன்னொருவர் மனைவிக்கு, அவள் கணவர் செப்ரானோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வலை வீசுகிறார். ரிகொலெட்டோவின் வேலை, பிரபுவால் அவமானப்பட்டவர்களைப் பார்த்து நக்கலடிப்பது. அரசவையில் ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் அவன்மேல் எரிச்சல். அவனுக்கு ரகசியமாக ஒரு ஆசைநாயகி இருக்கிறாள் என்று ஒருவர் செய்தி கொண்டுவருகிறார். கூனனுக்குக் காதலியா என்று ஒரே சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து மோன்தெரோனே என்ற முதியவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறார். அவர் மகளையும் பிரபு கெடுத்திருக்கிறார். நியாயம் கேட்க வந்தவரை ரிகொலெட்டோ அவர் குரலிலேயே பேசிக் காட்டிக் கேலி செய்கிறான். முதியவரைக் கைது செய்து இழுத்துப் போகிறார்கள். போகும்போது அவர் வயிறெரிந்து சாபம் விடுகிறார், பிரபுவுக்கும் கோமாளிக்கும் சேர்த்து. ஒரு தகப்பனின் வேதனையைப் பார்த்துச் சிரிக்கிறாயே, நீ நாசமாய்ப் போவாய் என்கிறார். பிரபு அதைக் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ரிகொலெட்டோ ஆடிப்போகிறான். ஏன் என்று அடுத்த காட்சியில் தெரியும். அவனும் ஒரு பெண்ணைப் பெற்றவன். ஊரார் ஆசைநாயகி என்று நினைக்கும் ஜில்டா அவன் மகள்.

அடுத்து வருவது இரவு, ஒதுக்குப்புறமான ஒரு சந்து. ரிகொலெட்டோ தனியாக வீட்டுக்குப் போகிறான். அந்தக் கிழவர் என்னைச் சபித்துவிட்டாரே என்று முணுமுணுக்கிறான். கவனியுங்கள், அவன் அதைப் பாடுவது முதலில் எக்காளம் ஊதிய அதே ஒற்றைச் சுரத்தில்தான். அப்போது இருட்டிலிருந்து ஸ்பாராஃபுசிலே என்பவன் எதிர்ப்படுகிறான். தொழில், கூலிக்குக் கொலை. யாராவது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள், முடித்துத் தருகிறேன் என்று மரியாதையாகக் கேட்கிறான். என்ன விலை, எப்படி, எங்கே என்று ரிகொலெட்டோவும் விசாரிக்கிறான். ஊருக்குள் வைத்தா, உங்கள் இடத்திலா? என் தங்கை ஆளை இழுத்து வருவாள், வீட்டிலேயே சத்தமில்லாமல் முடித்துவிடலாம்.

இந்தக் காட்சியில் இரண்டு பேரும் பாடுவதே இல்லை என்று சொல்லலாம், பேச்சு வாக்கில்தான் குரல் போகும். மெட்டு முழுவதும் ஒரே ஒரு செல்லோவிடமும் ஒரே ஒரு டபுள் பாஸிடமும் இருக்கிறது, இரண்டும் கனத்த குரலுள்ள பெரிய தந்தி வாத்தியங்கள். சத்தத்தை அமுக்கி, கீழ் ஸ்தாயியில் அவை பாட, மேலே இரண்டு ஆண்கள் கணக்குப் பேசுகிறார்கள். கடைசியில் ஸ்பாராஃபுசிலே தன் பெயரைச் சொல்லிக்கொண்டே, அடித்தொண்டைச் சுரம் ஒன்றைப் பிடித்து நீட்டியபடி இருட்டில் மறைவான். அதை எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்பதில் ‘பாஸ்’ குரல்காரர்களுக்குள் பெரிய போட்டியே உண்டு. அதுவரை ஓபராவில் வில்லன்கள் வந்தால் வாத்தியங்கள் இடி இடித்து முழங்கும். இங்கே கொலைகாரன் கடை வாசலில் பேரம் பேசுகிற தோரணையில் பேசுகிறான். பயம் அதிகமாவது அதனால்தான்.

அவன் போனதும் ரிகொலெட்டோ யோசிக்கிறான்: நானும் இவனும் ஒன்றுதான், அவனுக்குக் கத்தி, எனக்கு நாக்கு. இந்தத் தனிமொழி, பிறகு பாரிடோனுக்கு, அதாவது நடுத்தர ஆண் குரலுக்கு, வந்த எத்தனையோ பெரிய பாட்டுகளைவிட எனக்கு மேலானது. கோபம், சுயஇரக்கம், வீட்டை நெருங்கும்போது வரும் இளக்கம், நடுவில் மறுபடி அந்தச் சாபம் என்று மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு மனிதன் முழுதாக வந்து போகிறான்.

ஜில்டா அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தேவாலயத்தைத் தவிர வேறெங்கும் போக அனுமதியில்லை. அப்பாவின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கேட்கிறாள், சொல்ல மறுக்கிறான். அம்மாவைப் பற்றிக் கேட்கிறாள், அழுகிறான். அப்பாவி மகளை வீட்டுக்குள் அடைத்து வைத்துக் காப்பாற்றும் நல்ல தகப்பன் என்று இவனைச் சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகலெல்லாம் அடுத்த வீட்டுப் பெண்கள் சீரழிவதற்குச் சிரித்து வழி செய்துவிட்டு, இரவில் தன் வீட்டுக் கதவை மட்டும் இறுக்கிப் பூட்டுகிறவன் அவன். மகளுக்கு உலகம் எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லித் தராததும் அவன்தான். அதனால்தான் வீட்டுவேலைக்காரிக்குக் காசு கொடுத்து உள்ளே நுழைந்த பிரபு, “நான் ஏழை மாணவன், பெயர் குவால்தியேர் மால்தே” என்றதும் அவள் அப்படியே நம்பிவிடுகிறாள்.

அவன் போன பிறகு ஜில்டா அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடும் ‘காரோ நோமே’ ஓபரா உலகில் பிரசித்தம். குழல்கள் தொடங்கி வைக்க, குரல் படிப்படியாக இறங்கி வந்து, பிறகு கொத்துக் கொத்தான சுரங்களாகப் பூக்கும். அழகு காட்டுவதற்காகவே போட்ட பாட்டு என்று தோன்றும். ஆனால் அவள் உருகுகிற அந்தப் பெயரே பொய். அவள் பாடி முடித்து விளக்கோடு உள்ளே போகும்போது, கீழே தெருவில் முகமூடி போட்ட அரசவைக்காரர்கள் நின்று அவளைப் பார்த்துக் கிசுகிசுக்கிறார்கள். கோமாளியின் ஆசைநாயகியைத் தூக்க வந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் இருக்கும் செப்ரானோவின் மனைவியைத் தூக்கப் போகிறோம் என்று பொய் சொல்லி ரிகொலெட்டோவையே துணைக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். முகமூடி மாட்டுகிற சாக்கில் அவன் கண்ணையும் கட்டிவிடுகிறார்கள். மகள் அறைக்குச் சார்த்திய ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்தான்.

இரண்டாம் அங்கத்தில் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். ஒன்று, ரிகொலெட்டோ மறுநாள் அரண்மனைக்கு வருவது. மகளைத் தேடித்தான் வருகிறான், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள முடியாது. ‘ல ரா, ல ரா’ என்று ஏதோ பாட்டை முனகிக்கொண்டே மேசைமேல் கிடக்கும் கைக்குட்டையை எடுத்துப் பார்க்கிறான், அவளுடையதா என்று. சும்மா இருந்தவன் உடைவது ஒரு பணியாள் வந்து பிரபுவைக் கேட்கும்போது. தூங்குகிறார், வேட்டைக்குப் போயிருக்கிறார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அவள் உள்ளே பிரபுவோடு இருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அவள் என் மகள் என்று கத்தும்போதுதான் அவர்களுக்கே அவள் யாரென்று தெரிகிறது. பிறகு வரும் பாட்டில் முதலில் ஆத்திரம். தந்திகள் சுழற்றியடிக்க, கேடுகெட்ட கும்பலே என்று பாய்கிறான். கதவை அடைத்து நிற்கிறார்கள். அடுத்து அழுகை. கடைசியில், ஒரு செல்லோ கூட வர, ஐயா, என் பெண்ணைக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். வழக்கமாக ஓபராவில் மெதுவாகத் தொடங்கி வேகத்தில் முடிப்பார்கள், கைதட்டல் அப்போதுதான் விழும். வெர்டி அதைத் தலைகீழாக்கிவிட்டார். ஆணவம் கரைந்து கரைந்து அவன் சிறுத்துப்போவதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, அங்கத்தின் முடிவு. மோன்தெரோனேவைச் சிறைக்குக் கொண்டுபோகிறார்கள். என் சாபம் பலிக்கவில்லையே என்று அவர் பிரபுவின் படத்தைப் பார்த்துச் சொல்கிறார். கவலைப்படாதீர்கள், உங்களுக்காக நான் பழிவாங்குகிறேன் என்கிறான் ரிகொலெட்டோ. நேற்று அவரைக் கேலி செய்த அதே வாய். ‘சீ, வென்தெத்தா’, ஆம், பழிவாங்குவேன் என்று அவன் குமுற, ஜில்டா அதே மெட்டில் பிரபுவை மன்னித்துவிடுங்கள் அப்பா என்று மன்றாடுகிறாள். கெடுத்தவனை அவள் இன்னும் காதலிக்கிறாள்.

மூன்றாம் அங்கம் முப்பது, முப்பத்தைந்து நிமிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓபராவில் இவ்வளவு இறுக்கமான அரை மணி நேரம் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

மின்சியோ ஆற்றங்கரையில் பாழடைந்த சத்திரம், ஸ்பாராஃபுசிலேவுடையது. பிரபு குதிரைப்படை அதிகாரி வேடத்தில் வருகிறான். என்ன வேண்டும் என்று கேட்டால், உன் தங்கையும் கொஞ்சம் மதுவும் என்கிறான். தணிக்கைக்குப் பயந்து பல காலம் இதை ‘ஓர் அறையும் கொஞ்சம் மதுவும்’ என்று பாடினார்கள். இப்போது மூல வரி திரும்பி வந்துவிட்டது. உட்கார்ந்ததும் பாடுகிறான், நீங்கள் கேட்ட அந்தப் பாட்டை. பெண்கள் காற்றில் பறக்கும் இறகு மாதிரி, நிலையில்லாதவர்கள் என்று அதற்கு அர்த்தம். இதைச் சொல்வது யார் என்று பாருங்கள். வெளியே சுவர் இடுக்கு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஜில்டாவோ, இன்னும் அரை மணி நேரத்தில் அவனுக்காகச் சாகப் போகிறாள். ஒத்திகையின்போது இந்தப் பாட்டை வெளியே யாரும் முனகக் கூடாது, விசிலடிக்கக் கூடாது என்று வெர்டி கட்டளை போட்டிருந்தார் என்றும், பாடகர் ரஃபாயேலே மிராதேக்கே கடைசி நேரத்தில்தான் கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

அப்புறம் வரும் நால்வர் பாட்டுக்காக மட்டுமே இந்த ஓபராவைப் பார்க்கலாம். உள்ளே பிரபு, ஸ்பாராஃபுசிலேயின் தங்கை மத்தலேனாவிடம் நீளமான, வழவழப்பான ஒரு மெட்டில் காதல் பேசுகிறான். அவள் நம்பாமல் சின்னச் சின்னச் சுரங்களில் சிரித்துக் கொட்டுகிறாள். வெளியே ஜில்டாவின் வரி விசும்பலைப் போல விட்டு விட்டு வருகிறது. ரிகொலெட்டோ கீழே நின்று, அழாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், நான்கும் தனித்தனியாகக் கேட்கும். முதல் முறை மேலே போகிற ஆண் குரலைப் பின்தொடருங்கள். இரண்டாம் முறை ஜில்டாவை மட்டும். தன் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று பாரீஸில் இதைத் தடுக்க வழக்குப் போட்டுத் தோற்றவர் ஹ்யூகோ. அவரே இதைக் கேட்டபின், என் நாடகத்தில் நான்கு பாத்திரங்களை இப்படி ஒரே நேரத்தில் பேசவைத்துப் புரியவும் வைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஏங்கியதாகச் சொல்வார்கள்.

ரிகொலெட்டோ மகளை ஆண் வேடத்தில் வெரோனாவுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறான். பிரபுவைக் கொல்ல ஸ்பாராஃபுசிலேவிடம் பேசிய விலை இருபது ஸ்கூதோ, அந்தக் காலத்து இத்தாலிய நாணயம். பத்து முன்பணம், மீதி வேலை முடிந்ததும். புயல் வருகிறது. இந்தப் புயலில் வீசுகிற காற்று வாத்தியமே இல்லை. மேடைக்குப் பின்னால் ஆண்கள் வாயை மூடிக்கொண்டு ஹம் செய்கிறார்கள். குரல் மேலே ஏறி இறங்குவதைக் கேட்டால் கதவிடுக்கில் ஊளையிடும் காற்றேதான். மின்னலுக்குக் குழல் வெட்டிவிட்டுப் போகும்.

மாடியில் பிரபு அதே பாட்டை முனகிக்கொண்டே தூங்கிப்போகிறான். இது இரண்டாம் முறை. பாதியில் நின்றுவிடும். கீழே மத்தலேனாவுக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டது. இவனை விட்டுவிடு, அந்தக் கூனனைக் கொன்றுவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள் என்கிறாள். ஸ்பாராஃபுசிலேவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வருகிறது. நான் என்ன திருடனா? காசு கொடுத்தவரை எப்போதாவது ஏமாற்றியிருக்கிறேனா? இந்தக் கதையில் சொன்ன சொல் தவறாதவன் இந்தக் கொலைகாரன் ஒருத்தன்தான். கடைசியில் ஒரு சமரசம்: நடு இரவுக்குள் வேறு யாராவது வந்து கதவைத் தட்டினால், அவனைக் கொன்று சாக்கில் கட்டிக் கொடுத்துவிடலாம். மணி பதினொன்றரை அடிக்கிறது. இந்த மழையில் யார் வரப் போகிறார்கள்? அப்பா பேச்சைக் கேட்காமல் ஆண் வேடத்தில் திரும்பி வந்திருந்த ஜில்டா இதையெல்லாம் வெளியே நின்று கேட்கிறாள். கதவைத் தட்டுகிறாள்.

நடு இரவில் ரிகொலெட்டோ மீதிப் பணத்தைக் கொடுத்துச் சாக்கை வாங்குகிறான். ஆற்றில் தள்ளும் வேலையை நானே செய்கிறேன் என்கிறான். காலால் மிதித்துக்கொண்டு, உலகமே, பார், இது ஒரு கோமாளி, காலடியில் கிடப்பது ஒரு பெரிய மனிதன் என்று கொக்கரிக்கிறான். சாக்கை இழுக்கத் தொடங்கும்போது, தூரத்தில் அந்தப் பாட்டு. மூன்றாவது முறை.

இந்த இடத்தில் நல்ல பாரிடோன் ஒன்றும் செய்யமாட்டார், அப்படியே நிற்பார். பாடகரின் குரல் மேடைக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து தேய வேண்டும் என்று வெர்டி குறித்திருக்கிறார். கச்சேரியில் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தி முடிக்கும் அதே உச்சச் சுரம் இங்கே மெல்லிய இழையாகக் காற்றில் போகும். ரிகொலெட்டோ சத்திரத்தைப் பார்த்துக் கத்துகிறான், பதில் இல்லை. சாக்கைக் கிழிக்கிறான். மின்னல் வெளிச்சத்தில் முகம் தெரிகிறது. அவளுக்கு இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அம்மாவோடு வானத்திலிருந்து உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்கும் முன் போய்விடுகிறாள். அவன் கடைசியாகக் கத்துவது, அந்தச் சாபம்!

கத்தி பட்ட பெண் இவ்வளவு நேரம் பாடுவாளா என்று கேட்காதவர்கள் கிடையாது. பாடுவாள், ஓபரா என்றால் அப்படித்தான், அந்த ஐந்து நிமிடத்தைச் சகித்துக்கொள்ளுங்கள்.

பிரபுவுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. சபிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர், தண்டனை ஒருவனுக்கு மட்டும். தனக்காக ஒருத்தி செத்ததுகூட அவனுக்குத் தெரியாது. அன்றைய தணிக்கைக்காரர்கள் ஒழுக்கக்கேடு என்று கத்தியதற்கு உண்மையில் இந்த இடம்தான் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வழக்கமாகக் கதாநாயகனுக்குக் கொடுக்கும் டெனர் என்ற உயர்ந்த ஆண் குரலையும், ஊரே முணுமுணுக்கும் மெட்டுகளையும் வெர்டி இந்த மனிதனுக்கு வாரிக் கொடுத்திருக்கிறார். நமக்கும் அவனைப் பிடித்துத்தான் போகிறது. ஜில்டா ஏன் ஏமாந்தாள் என்று நாம் கேட்க முடியாமல் செய்துவிடுகிறார்.

வெர்டியின் இரண்டு குழந்தைகளும் 1838, 1839-இலும், மனைவி 1840-இலும் இறந்தார்கள். அவருடைய அப்பா–மகள் காட்சிகளின் உருக்கத்துக்கு அதுதான் காரணம் என்று எழுதுவது வழக்கம். இருக்கலாம். வாழ்க்கையையும் கலையையும் இவ்வளவு நேராக முடிச்சுப் போட எனக்குத் தயக்கம் உண்டு. அவர் இதைப் பற்றிச் சொன்னதில் எனக்கு உதவியாக இருப்பது தொழில் சார்ந்த ஒரு வரி. 1852-இல் ஒரு பாடகியின் கணவர், என் மனைவிக்கு இன்னொரு தனிப்பாட்டு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டார். இந்த ஓபராவை ஆரம்பத்திலிருந்தே தனிப்பாட்டு இல்லாமல், முடிவில்லாத இருவர் பாட்டுகளின் தொடராகத்தான் நினைத்தேன் என்று வெர்டி பதில் எழுதினார். பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள். கூனனும் கொலைகாரனும், அப்பாவும் மகளும், பிரபுவும் ஜில்டாவும் என்று எப்போதும் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

எதில் தொடங்குவது? படமாகப் பார்க்க ஜான்-பியேர் பொன்னெல் இயக்கியதைத் தேடுங்கள். பாவரோட்டி பிரபு, எடிட்டா க்ருபெரோவா ஜில்டா, இங்வார் விக்செல் ரிகொலெட்டோ. பாவரோட்டிக்கு நடிப்பு வராது என்பார்கள், இதில் அந்தத் திமிர் அப்படியே பொருந்தியிருக்கிறது. வசன வரிகளைப் போட்டுக்கொண்டு முதலில் மூன்றாம் அங்கத்தை மட்டும் பாருங்கள். பிடித்தால் முதலிலிருந்து தொடங்கலாம். கேட்க மட்டும் என்றால், 1955-இல் துல்லியோ செராஃபின் நடத்திய, மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கக் குழுவின் ஒலிப்பதிவு. ரிகொலெட்டோவாகப் பாடும் டிட்டோ கோப்பியின் குரலில் வழவழப்பு குறைவு, ஆனால் ஒவ்வொரு சொல்லும் நடிக்கும். மரியா காலஸ் ஜில்டாவை முதல் அங்கத்தில் சிறுமியாகவும் கடைசியில் வேறொரு பெண்ணாகவும் பாடியிருப்பார். ஒலித் தெளிவு வேண்டுமென்றால் 1979-இல் ஜியுலினி நடத்தியது நல்லது.

காலத்தை மாற்றிப் போடும் தயாரிப்புகளைக் கண்டு மிரள வேண்டாம். ஜோனதன் மில்லர் 1982-இல் லண்டனில் இதை 1950-களின் நியூயார்க் மாஃபியா கும்பலுக்குள் கொண்டுபோனார். பிரபு ஜூக்பாக்ஸில் காசு போட்டுவிட்டு அந்தப் பாட்டைப் பாடுவான். அது கச்சிதமாகப் பொருந்தியது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம் 2013-இல் 1960-களின் லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்கு மாற்றியது. கண்ணுக்கு வண்ணமாக இருந்தது, ஆனால் சாபத்துக்கு யாராவது பயப்படுவார்களா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. மான்டுவாவுக்கே போனால் ‘ரிகொலெட்டோவின் வீடு’ என்று ஒன்றைக் காட்டுவார்கள், முற்றத்தில் கூனன் சிலையும் உண்டு. தணிக்கைக்காரர்களுக்குப் பயந்து அந்த ஊருக்கு மாற்றப்பட்ட ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு வீடு கிடைத்திருக்கிறது.

அரங்கில் பார்க்க வாய்த்தால் மேல்மாடி டிக்கெட்டே போதும். பெரும்பாலான அரங்குகளில் மொழிபெயர்ப்பு வரிகள் மேடைக்கு மேலே ஓடும், முன்வரிசையில் உட்கார்ந்தால் கழுத்துதான் வலிக்கும். இத்தாலியில் பார்த்தால் இரண்டாம் அங்கம் முடியும்போது தயாராக இருங்கள். ‘சீ, வென்தெத்தா’ நன்றாக அமைந்துவிட்டால் கூட்டம் ‘பிஸ், பிஸ்’ என்று கூச்சல் போட்டு மறுபடி பாடச் சொல்லும். இந்த வேடத்தை 500 முறைக்கு மேல் பாடிய லியோ நூச்சி, திரை விழுந்த பிறகு முன்னால் வந்து அதை இரண்டாம் தடவை பாடுவதற்குப் பேர்போனவர். மகளுக்கு நேர்ந்த கொடுமையின் நடுவில் இது என்ன கூத்து என்று முதலில் தோன்றும். பேசாமல் நீங்களும் சேர்ந்து கத்துங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.